வரைபடமும் மனிதரும்

தனக்கென வீடு கட்டிக்கொள்பவன் தன் தேவையைத் தானே அறிவான். ஊர் அமைப்பவன் நிலை அப்படிப்பட்டதன்று. ஊர் என்பது முன்பின் அறியாதவர்களுக்கும், இன்னும் பிறவாதவர்களுக்கும் சேர்த்துக் கட்டப்படுவது. தானாக வளர்ந்த ஊர்களில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒருவர் வாய்க்கால் ஓரம் குடிசை போடுவார். மற்றொருவர் அதன் அருகே கடை வைப்பார். மாட்டு வண்டி சென்ற தடம் நாளடைவில் தெருவாகும். தெரு வளைந்த இடத்தில் வீடுகளும் வளைந்து நிற்கும். அத்தகைய ஊரின் குறைகளுக்கு எவரையும் பொறுப்பாக்க இயலாது. அதன் நிறைகளுக்காக எவருக்கும் மாலை சூட்டவும் இயலாது.

திட்டமிட்டு ஆக்கப்பட்ட நகரம் வேறு வகையானது. பெயர் சொல்லக்கூடிய சிலர், நாள் குறிக்கக்கூடிய ஒரு காலத்தில், மேசைமீது விரித்த தாளில் கோடு கிழித்தனர். அந்தக் கோட்டின்படி பல இலட்சம் மக்கள் நடக்கின்றனர், உறங்குகின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். ஆகவே அங்கே ஓர் அறவியல் வினா எழுகிறது. தான் வாழப் போகாத ஊரில் பிறர் எவ்வாறு வாழவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? அவன் நல்லெண்ணம் உடையவனாகவே இருக்கட்டும். அறிவிற் சிறந்தவனாகவும் இருக்கட்டும். நல்லெண்ணமும் அறிவும் போதுமா?

இவ்வினாவை வெறும் கற்பனையில் நிறுத்தி ஆராய்வதைவிட, உண்மையான ஒரு நகரத்தின்மேல் வைத்துப் பார்ப்பது நலம். இருபதாம் நூற்றாண்டில் புதிதாகத் தோன்றிய நகரங்களுள் சண்டிகர் இதற்கு மிகவும் ஏற்றது. அதனை ஆக்கியவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்நகரம் தோற்றுப்போன நகரமும் அன்று. தோற்ற நகரத்தைக் குறை கூறுவது எளிது. வெற்றி பெற்ற நகரத்திடம்தான் நியாயம் கேட்கவேண்டும்.

1947ஆம் ஆண்டில் நாடு பிளவுற்றபோது பஞ்சாபும் இரண்டாயிற்று. அதன் பழம்பெரும் தலைநகராகிய லாகூர் பாக்கிஸ்தானில் அடங்கியது. இந்தியப் பகுதிக்குத் தலைநகர் இல்லை. சிம்லா மலையில் தற்காலிகமாக அரசாங்கம் நடந்தது. வீடு வாசலை இழந்து எல்லை கடந்து வந்தவர்களோ இலட்சக்கணக்கில் இருந்தனர். இந்நிலையில் புதிய தலைநகர் என்பது அலுவலகம் நடத்த ஓர் இடம் என்னும் அளவில் நின்றுவிடவில்லை. காயம் பட்ட ஒரு மக்களுக்கு மருந்தாகவும் அது எண்ணப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்தில், இரண்டு காட்டாறுகளுக்கு இடைப்பட்ட சமவெளி தேர்ந்தெடுக்கப்பட்டது. அருகே சண்டிதேவியின் கோயில் இருந்தமையால் நகருக்குச் சண்டிகர் என்று பெயர் வந்தது. பழமையின் தளை எதுவுமின்றி, விடுதலை பெற்ற இந்தியாவின் அடையாளமாக அந்நகரம் விளங்கவேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார்.

பழமையின் தளை இல்லாத நிலம் என்று ஒன்று உண்டா? அந்தச் சமவெளி வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே சிற்றூர்கள் இருந்தன. கிணறுகளும் மாந்தோப்புகளும் கோதுமை வயல்களும் இருந்தன. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது; இழப்பீடும் கொடுத்தது. உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அகதிகளுக்கு நிழல் தருவதற்காக எழுந்த நகரம் வேறு சிலரை இடம்பெயரச் செய்துதான் எழுந்தது. இதனைச் சுட்டிக்காட்டுவதால் நகரமே எழுந்திருக்கக் கூடாது என்று பொருள் கொள்ளவேண்டியதில்லை. ஒரு மாநிலத்திற்குத் தலைநகர் வேண்டும். அது எங்கேனும் ஓரிடத்தில்தான் அமையவேண்டும். ஆனால் வரைபடத் தாள் வெண்மையாக இருப்பதனால் நிலமும் வெறுமையாக இருக்கிறது என்று கருதும் மயக்கம் அன்றே தொடங்கிவிட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றுள் பல அந்த மயக்கத்தின் கிளைகளே.

முதலில் அப்பணி அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தின் சாய்வுக்கு ஏற்ப மெல்ல வளைந்து செல்லும் தெருக்களை அவர் வரைந்தார். அவருக்குத் துணையாயிருந்த இளைஞர் மத்தேயு நோவிக்கி 1950 ஆகஸ்டில் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் பஞ்சாப் அரசின் அதிகாரிகளான தாப்பரும் வர்மாவும் ஐரோப்பா சென்று வேறு கட்டடக் கலைஞரைத் தேடினர். இலண்டனில் மாக்ஸ்வெல் பிரை, ஜேன் ட்ரூ என்னும் தம்பதியரும், பாரிசில் லெ கொர்பூசியேயும், அவருடைய உறவினர் பியேர் ஜான்னரேயும் இசைந்தனர். 1951 பிப்ரவரியில் வந்திறங்கிய கொர்பூசியே சில நாள்களுக்குள் வரைபடத்தைத் திருத்திவிட்டார். வளைவுகள் நேராயின. அரை மைல் அகலமும் முக்கால் மைல் நீளமும் கொண்ட செவ்வகக் கட்டங்களாக நகரம் பிரிந்தது. இக்கட்டங்களையே அங்கே செக்டர் என்று வழங்குகின்றனர். நகரத்தை ஒரு மனித உடலாகவே அவர் கண்டார். வடக்கே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் தலை, நடுவே கடைவீதி இதயம், பூங்காக்கள் நுரையீரல், சாலைகள் இரத்தக் குழாய்கள். சாலைகளையும் அவர் ஏழு தரமாக வகுத்து, பின்னர் மிதிவண்டிக்கென எட்டாவது ஒன்றையும் சேர்த்தார்.

உடல் என்னும் உவமை அழகியதே. ஆனால் உவமைகளில் ஓர் இடர் உண்டு. அதை ஆசிரியர்கள் அறிவார்கள். உடலில் காலுக்குத் தலையிடம் முறையிடும் உரிமை இல்லை. கால் எங்கே இருக்கவேண்டும் என்று காலிடம் எவரும் கேட்பதுமில்லை.

நகரத்தின் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. ஒவ்வொரு செக்டரும் தனக்கு வேண்டிய கடை, மருத்துவ நிலையம், பள்ளி, பசுமை வெளி ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்டது. விரைந்து செல்லும் வண்டிகள் செக்டரின் வெளி விளிம்போடு சென்றுவிடும். வீட்டிலிருந்து புறப்படும் சிறுவன் பெருஞ்சாலை எதனையும் கடக்காமல் பள்ளிக்கு நடந்து செல்லலாம் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். பிள்ளைகளின் காலடியை அளவுகோலாக வைத்து ஒரு நகரத்தை வரைந்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று. வேறு எத்தனையோ நகரங்களில் பிள்ளை எங்கே நடப்பான் என்னும் கேள்வி சாலை போட்டு முடித்த பின்னரே எழுகிறது. மரங்களை எங்கே நடவேண்டும், எவ்வகை மரம் எந்தச் சாலைக்கு ஏற்றது என்பதும் முன்கூட்டியே ஆராயப்பட்டது. 1958ஆம் ஆண்டில் சுக்னா ஓடையின் குறுக்கே அணை கட்டி ஓர் ஏரியையும் ஆக்கினர். வெயில் கடுமையான நாட்டில், சன்னல்களுக்கு முன்னே கற்காரைத் தடுப்புகளை நிறுத்திச் சூரியனின் நேர்க்கதிரை மறைத்த முறையும் நினைவு கூரத்தக்கது. அந்தத் தடுப்புகளே பகல் முழுதும் வெப்பத்தை உண்டு இரவில் உமிழ்ந்தன என்று அங்கே பணியாற்றியவர்கள் குறைப்பட்டதும் உண்டு.

ஏழைகளையும் அவர்கள் முற்றாக மறந்துவிடவில்லை. அரசு ஊழியர்க்கென 13 வகை வீடுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் கடைசி வகை, அலுவலக ஏவலர்களுக்கு உரியது. இரண்டு அறை, தாழ்வாரம், சமையற்கட்டு, குளியலறை, கழிப்பிடம், பின்கட்டில் சிறு முற்றம்: இவ்வளவும் அந்தச் சிறிய வீட்டில் இடம்பெற்றன. குழாய் நீரும் மின்விளக்கும் வந்தன. அக்கால இந்தியாவில் ஓர் ஏவலருக்கு இவை கிடைத்தற்கரியவை. இவ்வெளிய வீடுகளில் தனிக் கவனம் செலுத்தியவர் ஜேன் ட்ரூ அம்மையார். உலகம் கொர்பூசியேயின் மாளிகைகளைப் பார்த்து வியக்கிறது. ஆனால் அறத்தின் தராசில் வைத்தால் அம்மையார் வரைந்த அந்தச் சமையற்கட்டு எடை குறைந்ததாக இராது.

ஆயினும் 13 வகை என்பதே சிந்திக்க வைக்கிறது. முதலமைச்சருக்கு ஒரு வகை, அமைச்சர்க்கு ஒரு வகை, நீதிபதிக்கு ஒரு வகை என்று தொடங்கி, சம்பளப் படிநிலை செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் உருப்பெற்றது. வடக்கே மலையும் ஏரியும் தலைமைச் செயலகமும் உள்ள பகுதியில் பெருமனைகளும் குறைந்த மக்கள் நெருக்கமும். தெற்கே செல்லச் செல்லச் சிறு மனைகளும் மிகுந்த நெருக்கமும். ஒருவர் தம் செக்டர் எண்ணைச் சொன்னால் போதும், அவருடைய செல்வநிலையைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். இங்கே இடையில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். பகுத்தறிவின் வடிவமாகப் போற்றப்படும் அந்த மூல வரைபடத்தில் 13 என்னும் எண்ணுடைய செக்டர் இல்லை. அவ்வெண் ஆகாது என்ற நம்பிக்கையே காரணம் என்று பலரும் கூறுகின்றனர். செக்டருக்கு ஆகாத எண் ஏவலரின் வீட்டு வகைக்கு ஆயிற்று!

தொழிலுக்கும் நிலைக்கும் ஏற்ப மக்கள் தனித்தனியே வாழ்வது புதிதா என்று தமிழ் பயின்றோர் வினவக்கூடும். புகார் நகரை மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் பிரித்து, இன்னார் இங்கே வாழ்ந்தனர் என்று சிலப்பதிகாரம் விரித்துரைப்பதைக் கற்பிக்காத ஆசிரியர் உண்டா? உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவினை வழக்கத்தால் படிந்தது. இன்ன குடிக்கு இன்ன இடம் என்பதை அக்காலச் சமுதாயம் நியாயம் என்றே கருதிற்று. சண்டிகரோ, குடிமக்கள் யாவரும் சமம் என்று 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் எழுதிக்கொண்ட ஒரு நாடு, அந்த மை உலர்வதற்குள் கட்டத் தொடங்கிய நகரம். பழைய ஊர் தான் நம்பாத ஒன்றை வாக்களிக்கவில்லை. புதிய நகரம் வாக்களித்தது. வாக்களித்தவனிடம்தான் கணக்குக் கேட்க முடியும். ஆளுநர்க்கென வரையப்பட்ட மாளிகை மக்களாட்சிக்குப் பொருந்தாது என்று நேருவே கருதியதால் அது கட்டப்படாமல் நின்றது என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்கவேண்டும். உச்சியில் இருந்த ஒரு படி நீக்கப்பட்டது. கீழே இருந்த படிகளைப் பற்றி அதே வினாவை எழுப்புவார் இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அஃது ஏற்றத்தாழ்வு பற்றியது அன்று. கணக்கில் வாராதவர்களைப் பற்றியது. முதற் கட்டத்தில் ஒன்றரை இலட்சம் பேர்க்கும், முடிவில் ஐந்து இலட்சம் பேர்க்கும் என்று நகரம் திட்டமிடப்பட்டது. அலுவலர், வணிகர், ஆசிரியர், ஏவலர் எல்லார்க்கும் இடம் குறிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடங்களை எழுப்புவோர் எங்கே உறங்குவர்? மண் சுமந்த ஆடவரும், தலையில் கற்காரைச் சட்டி ஏந்திச் சாரத்தில் ஏறிய பெண்டிரும், அவர்தம் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தனர். உலகப் புகழ் பெற்ற அந்தக் கற்காரைச் சுவர்களை வார்த்தெடுத்தவை பெரிய இயந்திரங்கள் அல்ல, அந்தக் கைகளே. அவர்களுக்கு அளிக்கப்பட்டவை தற்காலிக முகாம்கள். வேலை முடிந்ததும் அவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவர் என்ற எண்ணம் போலும். அவர்கள் திரும்பவில்லை, திரும்ப முடியவும் இல்லை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்தது தொடங்கிற்று. கட்டி முடிந்த வீடுகளுக்குத் துணி வெளுக்கவும், பாத்திரம் துலக்கவும், காய்கறி கொண்டு வரவும், குப்பை அள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் நகரத்து வீடு ஒன்றை வாடகைக்குப் பெறுவது இயலாதது. ஆகவே குடிசைகள் எழுந்தன. திட்டத்தில் இடமில்லாத குடியிருப்புகள் தற்செயலானவை அல்ல, திட்டத்தினாலேயே விளைந்தவை என்பதை மது சரின் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக எடுத்துக்காட்டிற்று.

மறதி குற்றமாகுமா? தீங்கு செய்யவேண்டும் என்று கருதிச் செய்வதே குற்றம். மறந்துபோவது குறைபாடே என்று சிலர் வாதிடுவர். தனி மனிதர் வாழ்வில் இவ்வாதம் ஓரளவு செல்லும். விருந்துக்கு அழைக்க மறந்தவரை மன்னிக்கலாம். ஆனால் பந்தி பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையை மறந்தால், அதனை மறதி என்று எத்தனை நாள் அழைப்பது? முழுமையாகத் திட்டமிடுகிறோம் என்று சொல்லிப் புறப்பட்டவர்க்கு மறதி ஒரு சாக்காகாது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதே அவர் ஏற்றுக்கொண்ட தொழில். மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எண்ணிப் பார்த்தவர், மரம் நட்டவன் எந்த நிழலில் படுப்பான் என்றும் எண்ணியிருக்க முடியும்.

இவ்விடத்தில் மற்றொரு மனிதரைப் பற்றி விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது. அவர் பெயர் நேக் சந்த். 1924ஆம் ஆண்டில், இன்று பாக்கிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிரிவினையின்போது அகதியாக வந்தவர். சண்டிகர் எழுந்துகொண்டிருந்த காலத்தில் பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக இருந்தார். நகருக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் சிதைவுகளையும், உடைந்த பீங்கானையும், வளையல் துண்டுகளையும், விந்தையான வடிவுடைய கற்களையும் தம் மிதிவண்டியில் வைத்து எடுத்துச் சென்றார். தலைமைச் செயலகத்திற்கு அருகே, காடாக ஒதுக்கப்பட்ட நிலத்தில், ஒரு பள்ளத்தாக்கில் அவற்றைச் சேர்த்தார். 1957ஆம் ஆண்டு அளவில் தொடங்கி, வேலை முடிந்த மாலைகளிலும் இரவுகளிலும், எவருக்கும் தெரியாமல், மனிதரும் பறவைகளும் விலங்குகளுமாகச் சிலைகளை ஆக்கினார். அந்நிலத்தில் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். அரசு ஊழியரே அதனை மீறினார். தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம். என். சர்மா அதனைக் காண நேர்ந்தபோது, வெளியே சொல்லாமல் காத்தார். 1970களின் நடுவில் செய்தி பரவிற்று. இடிப்பதா, காப்பதா என்று அதிகாரிகள் தடுமாறினர். மக்கள் திரண்டு வந்து வியந்தனர். 1976ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு அதே வேலை கொடுக்கப்பட்டது. உதவிக்கு ஐம்பது தொழிலாளரும் கிடைத்தனர். 1984ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வந்தது. 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது நாடே அஞ்சலி செலுத்திற்று.

இது மகிழத்தக்க வரலாறு. ஆனால் அதன் அருகே குடிசைகளை நிறுத்திப் பார்த்தால் மனம் அமைதி இழக்கிறது. இரண்டும் அரசு நிலத்தில் எழுந்தவை. இரண்டும் அனுமதியின்றி எழுந்தவை. இரண்டும் நகரம் வேண்டாமென்று எறிந்த பொருள்களால் ஆனவை: கிழிந்த தகரம், உடைந்த செங்கல், பழைய பலகை. ஒன்று கலைக்கோயில் ஆயிற்று. மற்றொன்று ஆக்கிரமிப்பு எனப்பட்டது. இந்த வேறுபாட்டிற்கு நியாயம் கற்பிக்க முடியுமா?

முதலாவதாக, தோட்டம் அனைவருக்கும் பயன்படுகிறது. குடிசை அதில் வாழ்பவனுக்கு மட்டுமே பயன்படுகிறது என்று கூறலாம். இது வலுவான வாதமே. பொது நிலம் பொதுப் பயனுக்கு உரியது. ஆனால் குடிசையில் வாழ்பவன் விடியற்காலையில் எழுந்து எங்கே போகிறான்? நகரத்து வீடுகளைப் பெருக்கவும், சாக்கடையைத் துப்புரவாக்கவும் போகிறான். அவன் குடிசையின் பயனை நகரம் முழுதும் நுகர்கிறது. அப்பயன் பார்வைக்கு வைக்கப்படவில்லை, அவ்வளவே வேறுபாடு.

தோட்டம் அழகியது, குடிசை அழகற்றது என்பது இரண்டாவது வாதம். எவரும் இதனை வெளிப்படையாகக் கூறுவதில்லை. ஆயினும் நடைமுறையில் முடிவு செய்தது இதுவே என்று தோன்றுகிறது. அழகு ஒரு செயலின் சட்டமீறலை மன்னிக்கவைக்கும் ஆற்றல் உடையதென்றால், அழகாக இருக்க வசதியற்றவன் என்ன செய்வான்? நேக் சந்துக்கு மாதச் சம்பளம் இருந்தது. அரசு தந்த வேலை இருந்தது. மாலை நேரம் இருந்தது. பசித்த குழந்தைக்குக் கூரை தேடுபவனுக்கு அந்த மாலை நேரம் இல்லை. தேவை அவசரமானது. அவசரத்தில் எழுவது பெரும்பாலும் அழகாக அமைவதில்லை.

மூன்றாவது வாதம் எண்ணிக்கை பற்றியது. ஒருவருக்கு விலக்கு அளிக்கலாம். ஆயிரம் பேர்க்கு அளித்தால் சட்டமே இராது. ஆட்சி செய்வோர் நோக்கில் இதற்கு எளிதில் விடை கூற முடியாது. எந்த நிலத்தில் எவரும் குடியேறலாம் என்றால் பூங்கா இராது, ஏரி இராது, பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் இராது. அவற்றை முதலில் இழப்பவர்களும் ஏழைகளாகவே இருப்பர். ஆகவே குடிசைகள் யாவும் எழுந்த இடத்திலேயே இருந்துவிடவேண்டும் என்பது அறமாகாது. ஆனால் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்பதே, அது தனி மனிதரின் மீறல் அன்று, திட்டத்தின் பிழை என்பதற்குச் சான்று. ஒரு மாணவன் விடையைத் தவறாக எழுதினால் மாணவனைத் திருத்தலாம். வகுப்பு முழுவதும் தவறாக எழுதியிருந்தால் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பதே முறை.

நகர நிருவாகம் இதனை அறவே உணரவில்லை என்று கூறுவது பொருந்தாது. பல ஆண்டுகளாகக் குடிசைகளைக் கண்டும் காணாமல் விட்ட அதிகாரிகளும் உண்டு. அதில் இரக்கமும் இருந்திருக்கும், வாக்குக் கணக்கும் இருந்திருக்கும். 2006ஆம் ஆண்டில் சிறுவீட்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. குடிசைவாசிகளின் கைரேகை முதலியவற்றைப் பதிவு செய்து, பதிவானவர்க்கு அடுக்குமாடி வீடு தரும் ஏற்பாடு அது. தனாஸ் முதலிய புறப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. குழாயும் கதவும் உடைய வீடு அவர்களுக்குக் கிடைத்தது மெய்யான நன்மை. ஆனால் பதிவு நடந்த பின்னர் வந்தவர்க்கும், பதிவில் பெயர் விடுபட்டவர்க்கும் அத்திட்டத்தில் இடமில்லை. 2013ஆம் ஆண்டில் ஐந்தாம் எண் காலனி இடிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் தொழிற்பேட்டைப் பகுதியில் இருந்த நான்காம் எண் காலனி இடிக்கப்பட்டது. இடித்த நாள் மே முதல் நாள். தொழிலாளர் தினம் என்பதை நாளைக் குறித்தவர் கருதிச் செய்திருக்கமாட்டார். கருதாமல் செய்தார் என்பதுதான் இங்கே பொருள் பொதிந்தது.

இதற்கிடையே நகரம் தன் வரைபடத்தைக் கடந்து வளர்ந்துவிட்டது. 1966ஆம் ஆண்டில் பஞ்சாபும் அரியானாவும் தனித்தனி மாநிலங்களானபோது, இரண்டிற்கும் அதுவே பொதுத் தலைநகர் ஆயிற்று. ஆட்சியோ நடுவண் அரசின் கையில். ஐந்து இலட்சம் பேர்க்கென எண்ணிய நகரம் அடங்கிய ஆட்சிப் பகுதியில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10,55,450 பேர் இருந்தனர். நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோரை எண்ணி வகுத்த சாலைகளில் கார்கள் நிரம்பின. 2016ஆம் ஆண்டில் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் உள்ளிட்ட கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பழமையின் தளையை அறுக்க எழுந்த நகரமே ஒரு பழமையாகிக் காக்கப்படும் நிலை வந்தது. அந்தத் தொகுதியில் 26 மீட்டர் உயரத்தில், காற்றில் சுழலும் ஒரு விரிந்த கை நிற்கிறது. கொர்பூசியே மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1985ஆம் ஆண்டில்தான் அஃது எழுப்பப்பட்டது. கொடுக்கவும் விரிந்தது, பெறவும் விரிந்தது என்பது அவர் அதற்குக் கூறிய பொருள். 1995ஆம் ஆண்டில் தலைமைச் செயலகத்தின் வாயிலில் பஞ்சாப் முதலமைச்சர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பின்னர், காவலும் முள்வேலியும் மிகுந்தன. எவரும் உலவலாம் என்று வரைந்த அகன்ற வெளியில் இன்று அனுமதி பெற்றே நுழையவேண்டும். இதற்கு வரைந்தவரைப் பொறுப்பாக்குவது நியாயமன்று.

2023 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. முதற் கட்டத்தில் அமைந்த 1 முதல் 30 வரையிலான செக்டர்களில், தனி வீடுகளை அடுக்கு வீடுகளாகப் பிரித்து விற்பதை அது தடுத்தது. மரபைக் காப்பது அதன் நோக்கம். நெரிசலால் நகரின் இயல்பு கெடும் என்ற அச்சத்திற்கும் அடிப்படை உண்டு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு பெருமனை ஒரு குடும்பத்திற்கே என்று நிலைபெற்றால், அங்கே வாழத்தக்கவர் யார் என்பதை விலையே முடிவு செய்யும். இளம் ஆசிரியர் ஒருவர் அங்கே ஒரு தளத்தையேனும் விலைக்கு வாங்குவது எட்டாக் கனியாகிவிடும். 1951இல் பொதுநலம் கருதிக் கிழித்த கோடு, அன்று வாழ்ந்தவர் பேரரின் சொத்தைக் காக்கும் வேலியாக மாறுவதும் உண்டு. கோடு மாறவில்லை, அதைச் சுற்றிய வாழ்க்கை மாறிவிட்டது. இறந்தவர் வரைந்ததை எவ்வளவு காலம் மதிப்பது என்பது வரைந்தவரிடம் கேட்கக்கூடிய வினா அன்று, காப்பவரிடம் கேட்கவேண்டியது.

கொர்பூசியே ஆண்டுக்கு இரு முறை வந்து சென்றார். ஜான்னரேயோ 1965 வரை அங்கேயே தங்கினார். வீடு, பள்ளி, நாற்காலி, விளக்கு என்று சிறியனவற்றை உள்ளூர் மூங்கிலாலும் பிரம்பாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஆக்கினார். தம் விருப்பப்படி அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. வரைந்த ஊரில் வாழ்ந்து பார்ப்பது பிழைகளை ஒழித்துவிடும் என்று கூற முடியாது; அவர் வாழ்ந்த காலத்திலும் குடிசைகள் இருந்தன. ஆனால் தங்கியிருப்பவன் குடிசையை நாள்தோறும் கடந்து செல்லவேண்டியிருக்கும். பாரிசில் இருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது.

தெற்குச் செக்டர்களைக் கட்டியபோது, அங்கிருந்த சில சிற்றூர்களை இடிக்காமல் விட்டனர். 45ஆம் செக்டருக்குள் சிக்கிய புரைல் அவற்றுள் ஒன்று. ஊர்நத்தத்தைச் சுற்றி வருவாய்த் துறையினர் வரைபடத்தில் இடும் எல்லையை வட இந்தியாவில் லால் டோரா, அதாவது செந்நூல், என்பர். அந்த எல்லைக்குள் நகரத்தின் கட்டட விதிகள் நெடுங்காலம் செல்லவில்லை. நேர்கோடுகளின் நடுவே அவ்வூர் குறுகிய சந்துகளோடு, ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த மாடிகளோடு நிற்கிறது. காற்றோட்டம் குறைவு, தீப்பிடித்தால் வண்டி நுழைவது அரிது. அதனைப் புகழ்ந்து பேச ஒன்றுமில்லை. ஆயினும் கடைச் சிப்பந்தியும், வீட்டு வேலைக்காரியும், வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவனும் வாடகை கொடுத்துத் தங்கக்கூடிய அறை அங்கேதான் கிடைக்கிறது. கொர்பூசியேயும் மேயரும் வரையாத ஊர் அது.